வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

மும்பை ஹார்பர் லைனில் கோவண்டி ஸ்டேஷனைக் கடந்து தினமும் வேலைக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். அந்த ஸ்டேஷனுக்கு அருகே, தேவ்னார் பகுதியில், 1956-ல் தொடங்கப்பட்ட சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அந்நிறுவனம் நடத்திய ஓர் ஆராய்ச்சி, ஊரில் வயதான தாய் தகப்பனை விட்டு வந்திருக்கும் நம் எல்லோருக்கும் சம்பந்தமுள்ளது.

'லாசி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஆய்வு, மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக, அமெரிக்காவின் ஹார்வர்டு, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக் கழகங்களுடன் சேர்ந்து நடத்தப்பட்டது. 2017-18-ல் நடந்த முதல் சுற்றில், நாடெங்கும் 45 வயதை எட்டியவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72 ஆயிரம் பேருக்கு மேல் சந்திக்கப்பட்டனர். அவர்களில் 31,464 பேர் 60 வயதை எட்டியவர்கள். 2021 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது.

கருவிக்குத் தாட்சண்யம் இல்லை

ஆய்வாளர்கள் கேள்வி கேட்பதோடு நின்றுவிடவில்லை. வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கைப்பிடியின் பலத்தை அளந்தார்கள். சிறிது தூரம் நடக்கச் சொல்லி வேகத்தைக் கணக்கிட்டார்கள். பத்து வார்த்தைகளைச் சொல்லி, சற்று நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. "எனக்கென்னப்பா, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதே நம் பெரியவர்களின் வழக்கமான பதில். பிள்ளை அனுப்பும் பணம் டாக்டருக்குப் போய்விடுமே என்ற கவலை! கருவியோ உள்ளதைச் சொல்லிவிடுகிறது. 45 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குச் சுமார் 46 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் பாதிக்குச் சற்றே கூடுதலானவர்களுக்குத்தான் அது முன்பே தெரியும்.

60 வயதானவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஏதாவதொரு நாட்பட்ட நோய். 40 பேருக்கு ஏதேனும் ஓர் உடற்குறை. 20 பேருக்கு மனநலக் குறை.

'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஊரில் கேலியாக ஒதுக்குகிறோமே, அதுவும் நோயாக இருக்கலாம். 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம், அதாவது நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேருக்கு 'டிமென்ஷியா' என்னும் மறதி நோய் இருப்பதாக, இதன் கிளை ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது அதிகம்.

நாம் செய்யக் கூடியது

லீவில் ஊருக்குப் போகும்போது துணிமணி வாங்கிப் போகிறோம். அத்துடன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, பெற்றோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கண் பார்வை ஆகியவற்றைப் பரிசோதிக்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முதியோர் உதவிக்கென 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு.

பெற்றோரை இங்கே அழைத்து வந்திருப்பவர்கள் அவர்களைத் தனியே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம். கிறுகிறுப்பு, படபடப்பு, மரத்துப் போதல் இவற்றையெல்லாம் மராத்தி டாக்டரிடம் எடுத்துச் சொல்லத் துணைக்கு ஒருவர் தேவை. ஊரில் ரயில் ஏறும்போதே பழைய மருந்துச் சீட்டையும் பத்து நாள் மாத்திரையையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

வயதானால் இப்படித்தான் என்று பெரியவர்கள் சொல்லலாம். பிள்ளைகள் சொல்லக் கூடாது.