கல்லடைப்பும் போர் தண்ணீர் மேல் விழும் பழியும்

தருமபுரிப் பக்கம் கல்லடைப்பு வந்தவரிடம் காரணம் கேட்டால், "போர் தண்ணி உப்புங்க" என்பார். பாறையைத் துளைத்து எடுக்கும் நீர் கடினமானதுதான். ஆனால் கடின நீரே கல்லை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அது வாய்க்குப் பிடிக்காமல், வெயிலில் வேலை செய்பவர் குறைவாகக் குடிக்கிறாரே, அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். ஒதுங்க இடமில்லாததால், காட்டு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெண்கள் பொழுது சாயும்வரை தாகத்தை அடக்கிக்கொள்வது இன்னும் கொடுமை.

சிறுநீருக்குள் நடப்பது

கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் எல்லாம் சிறுநீரில் கரைந்து வெளியேற வேண்டியவை. கரைக்க நீர் போதாவிட்டால் படிகமாகிவிடும். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் கற்களே. சிறுநீரின் அமிலத்தன்மைக்கும் இதில் பங்குண்டு. பிஎச் அளவு 5.5க்குக் கீழேயே இருந்துவந்தால் யூரிக் அமிலக் கல் உருவாக வாய்ப்பு அதிகம். தொற்றுக் கிருமிகள் சில யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கினால் உருவாகும் கல் வேறு வகை. அது வேகமாக வளரும்.

படிகம் சேரவிடாமல் தடுக்கும் சிட்ரேட்டும் சிறுநீரிலேயே இருக்கிறது. எலுமிச்சைச் சாறு அதைக் கூட்டும். அதில் உப்பு போட வேண்டாம். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

களி, கீரை, மோர்

கல் வந்ததும் பாலையும் மோரையும் நிறுத்துகிறார்கள். தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். அதனால் ஆக்சலேட் உள்ள கேழ்வரகுக் களிக்கும் கீரைக்கும் மோர் நல்ல துணை.

ஃபுளோரைடு

இம்மாவட்ட நிலத்தடி நீரின் உண்மையான குற்றவாளி ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை படியும். அளவு மிகக் கூடி ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் கெடும். அதற்காகவே காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013ல் தொடங்கிவைக்கப்பட்டது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, செறிவுதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரையே பிடித்துவையுங்கள்.

எவ்வளவு குடிப்பது?

ஒருமுறை கல் வந்தவருக்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போக வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்படி குடியுங்கள். இதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ வாழைத்தண்டுச் சாற்றை நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.