தறிவீட்டுப் பிள்ளைகளும் சாரணர் பாசறையும்

விடுமுறை நெருங்கியதும் சாரண ஆசிரியர்கள் பாசறைக்கு நாள் குறிக்கத் தொடங்குகின்றனர். கூடாரம், கயிறு, சமையற் பாத்திரம், பேருந்துக் கட்டணம் என்று கணக்கு நீளுகிறது. ஆனால் ஆரணி போன்ற பட்டு நெசவூரில் இவற்றுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுண்டு: பிள்ளையை மூன்று நாள் அனுப்பிவிட்டால் வீட்டில் தார் சுற்றுவது யார்?

இஃது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. தறியில் அமர்பவர் ஒருவரேயாயினும், தார் சுற்றுதல், அறுந்த இழையைப் பிணைத்தல் என வீடு முழுவதும் அத்தொழிலில் ஈடுபடுகிறது. கூலியோ நாளுக்கன்று, நெய்து முடித்த சேலைக்கே. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்த 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் அவர்கள் உதவுவதற்கு இடமளித்துள்ளது. ஆக, பாசறை நடைபெறும் அதே விடுமுறையில்தான் தறியும் பிள்ளையை அழைக்கிறது. அச்சடித்த அறிவிப்பை அனுப்பிவிட்டு, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வருவதில்லையென்று குறைகூறுவது நேர்மையாகாது.

நாள் குறிக்குமுன் வீடுகளுக்குச் சென்று வர வேண்டும். ஒரு பாவு முடிந்து மறு பாவு ஏறும் இடைவெளி எப்போது, முகூர்த்த மாதத்துச் சேலையை என்று ஒப்படைக்க வேண்டும் என்பவற்றைத் திண்ணையில் அமர்ந்து கேட்டறிந்தால் பலருக்கும் ஒத்த நாள் புலப்படும். ஐந்து நாள் இயலாவிடில் இரண்டு இரவுகளே போதும். கட்டணத்தை ஒரே தவணையில் கேளாது, மாதந்தோறும் சிறுகச் சேர்க்கச் செய்யலாம்.

பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதற் பாசறையில் ஏறத்தாழ இருபது சிறுவர்களே இருந்தனர். செல்வர் பள்ளி மாணவரையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் நான்கு அணிகளில் கலந்து அமர்த்தினார். நம் ஊரிலும் அரிசி ஆலை முதலாளியின் மகனும் நெசவாளியின் மகனும் ஓர் அணியில் விறகு பொறுக்கட்டுமே! 2025-இல் மணப்பாறையில் நடைபெற்ற பாரத சாரண சாரணியர் வைரவிழாப் பெருந்திரளணி காண்பதற்கு இனியதே. எனினும் ஒரு சிறுவன் தன் கையால் அடுப்பு மூட்டிப் பழகுவதற்குச் சிறு பாசறையே ஏற்றது.

நிகழ்ச்சி நிரலைப் பிள்ளைகளே வகுக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி ஒவ்வொன்றும் தன் உணவுப் பட்டியலையும் செலவையும் எழுதி, அணித்தலைவர் மன்றத்தில் வைக்கட்டும். ஆசிரியர் திருத்தலாம், தாமே எழுதித் தரலாகாது. இழை பிணைத்துப் பழகிய விரல்களுக்குக் கயிற்று முடிச்சு எளிதிற் கைவரும். அப்பிள்ளையையே அணிக்குக் கற்பிக்கச் சொன்னால் அவன் கூச்சமும் அகலும்.

ஜவ்வாது மலைக்குச் செல்வதாயின் வனத்துறையின் இசைவை முன்னரே பெற வேண்டும். மார்கழி இரவில் அங்குக் குளிர் மிகுதி; போர்வையின்றி எவரையும் ஏற்றலாகாது. நகர வெளிச்சம் குறைந்த அவ்வானத்துக்காகவே அம்மலையின் காவலூரில் வானாய்வகம் அமைந்தது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. வெறுங்கண்ணாலேயே விண்மீன் கூட்டங்களை அடையாளம் காண ஓர் இரவை ஒதுக்கலாம். சாரணியர் செல்லும்போது ஆசிரியை உடனிருத்தல், முதலுதவிப் பெட்டி, காய்ச்சிய நீர் ஆகியவை சொல்லாமலே விளங்கும்.

திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு ஆரணி வந்து சேரும் என்பதையும் புறப்படுமுன்னரே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். மறுநாட் காலைக்குரிய தாரை அவர்கள் அதற்கேற்பச் சுற்றி வைப்பார்கள்.