பனித்தீவின் பிரதமருக்கு எத்தனை அதிகாரம்?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம். விடுதி உணவகத் தொலைக்காட்சியில் கிரீன்லாந்துத் தேர்தல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "டென்மார்க்குக்குத்தான் ஏற்கனவே ஒரு பிரதமர் இருக்காங்களே, அப்ப இவரு யாருடா? பிரதமரா, மந்திரி பெசாரா?" என்று அறைத்தோழன் கேட்டான். "மந்திரி பெசார் மாதிரிதான்" என்று சற்றும் யோசிக்காமல் சொல்லிவிட்டு மீ கோரெங்கைத் தொடர்ந்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் நான் சொன்னதில் பாதி தவறு என்பது புரிந்தது.

தமிழ் நாளேடுகள் அவரைப் 'பிரதமர்' என்று எழுதுகின்றன. கிரீன்லாந்து மொழியில் அப்பதவியின் பெயர் 'நாலாக்கெர்சுயிசுட் சியுலித்தாசுவாட்'. அரசாங்கத்தின் தலைவர் என்பது பொருள். டேனிஷ் மொழியிலும் அவர் வெறும் 'தலைவர்'தான். டென்மார்க் பிரதமருக்கு வழங்கும் சொல்லை அவருக்கு வழங்குவதில்லை. மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. 31 உறுப்பினர் கொண்ட 'இனாட்சிசார்டுட்' எனும் சட்டமன்றம் அவரைத் தேர்ந்தெடுக்கிறது.

மலேசியாவைப் போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு, பெரும்பகுதி பனிப்பாளம். மக்கள்தொகையோ 57 ஆயிரம் அளவில்தான். அனைவரையும் புக்கிட் ஜாலில் அரங்கில் அமர வைத்தாலும் இருக்கைகள் மீதமிருக்கும்! இவ்வளவு சிறிய மக்கள் கூட்டத்திற்கு ஏன் ஒரு தனி அரசாங்கம் என்று கேட்கத் தோன்றலாம். அதற்கு விடை மீன்பிடியில் இருக்கிறது.

1953ஆம் ஆண்டு டென்மார்க்கின் புதிய அரசியல் சட்டம் கிரீன்லாந்தின் காலனி நிலையை நீக்கி அதனை நாட்டின் ஒரு பகுதியாக்கியது. டென்மார்க் நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்களும் கிடைத்தன. ஆனால், 1972இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது கிரீன்லாந்து மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றனர். டென்மார்க் முழுமைக்குமான முடிவு 'வேண்டும்' என வந்ததால் 1973இல் கிரீன்லாந்தும் கூடவே இழுத்துச் செல்லப்பட்டது. தங்கள் கடலில் யார் மீன் பிடிப்பது என்பதைக்கூடத் தாங்கள் முடிவு செய்ய இயலாது என்பதை அம்மக்கள் அன்று நேரில் கண்டனர். அந்தக் கோபத்தில் வளர்ந்ததே தன்னாட்சிக் கோரிக்கை. 1979 மே முதல் நாள் உள்ளாட்சி பிறந்தது. யொனாதன் மொட்ஸ்ஃபெல்ட் எனும் லூத்தரன் பாதிரியார் முதல் அரசாங்கத் தலைவரானார். 1982இல் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தி, 1985இல் அந்தச் சமூகத்தை விட்டே வெளியேறினார்கள்.

இனி என் தோழனின் கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் மாநில அரசின் கையில் நிலம், ஊராட்சி போன்றவை உள்ளன. பள்ளியும் மருத்துவமனையும் கூட்டரசின் பொறுப்பு. கிரீன்லாந்துத் தலைவரோ பள்ளி, மருத்துவமனை, மீன்பிடி, வருமான வரி, 2010 முதல் கனிம வளம் என அனைத்தையும் நிர்வகிக்கிறார். அந்த அளவில் அவர் மந்திரி பெசாரைவிடப் பெரியவர். ஆனால் காவல்துறையும் நீதிமன்றமும் டென்மார்க்கிடமே உள்ளன. தற்காப்பு, வெளியுறவு, குடியுரிமை, நாணயம் ஆகியவற்றை இப்போதைய சட்டத்தின்கீழ் அவர் ஏற்கவே முடியாது. அந்த அளவில் அவர் பிரதமர் அல்லர்.

காவல்துறையை ஏன் இன்னும் ஏற்கவில்லை? சட்டம் தடுக்கவில்லை. 2008 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து, 2009 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டத்தில் ஒரு பட்டியலே உள்ளது: காவல், சிறை, நீதிமன்றம், குடிநுழைவு என்று. வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் பணத்தில் இருக்கிறது. முன்னர் ஒரு துறையை ஏற்றால் அதற்கான பணமும் கோப்பன்ஹேகனிலிருந்து சேர்ந்து வந்தது. புதிய சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆண்டு மானியம் 2009 விலைவாசிப்படி சுமார் 344 கோடி குரோனர் என நிறுத்தப்பட்டது. விலைவாசி ஏறினால் அதற்கேற்ப உயரும், அவ்வளவே. புதிதாக ஏற்கும் துறைக்குத் தன் பையிலிருந்தே செலவழிக்க வேண்டும். அரசாங்க வருமானத்தில் ஏறத்தாழ பாதி அந்த மானியம். ஏற்றுமதியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மீனும் இறாலும். இந்நிலையில் எந்தத் தலைவர் துணிந்து சிறைச்சாலை சாவியைக் கேட்பார்?

கனிமம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருந்தது. அங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கனிம வருமானம் 7.5 கோடி குரோனரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதி அளவு மானியம் குறையும். 2013 அக்டோபரில், முதல் பெண் தலைவரான அலேக்கா ஹம்மண்டின் ஆட்சியில், யுரேனியம் தோண்டுவதற்கான தடை 15க்கு 14 என ஒரே வாக்கு வேறுபாட்டில் நீங்கியது. கனிமம் எங்களுடையது என்றது நூக். யுரேனியம் என்றால் அது வெளியுறவும் பாதுகாப்பும் ஆயிற்றே என்றது கோப்பன்ஹேகன். இருவரும் உடன்பாடு காண 2016 ஆயிற்று. 2021 தேர்தலில் வென்ற மூட்டே எகெடெயின் அரசு அதே ஆண்டில் தடையை மீண்டும் கொண்டுவந்தது. ஒரு சுரங்கத்தை வைத்தே இரண்டு தேர்தல்களின் கதையைச் சொல்லிவிடலாம்.

நம் போன்றோருக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் அச்சட்டத்தில் உண்டு. 1979ஆம் ஆண்டுச் சட்டம் கிரீன்லாந்து மொழியை 'முதன்மை மொழி' என்று சொல்லிவிட்டு, டேனிஷ் மொழியையும் முழுமையாகக் கற்பிக்க வேண்டும் என்று கூடவே நிபந்தனை விதித்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரே வரியில் கிரீன்லாந்து மொழியே ஆட்சிமொழி என்கிறது. பேசுவோர் ஐம்பதாயிரம் அளவில்! ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் தமிழை வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் சந்தித்த எனக்கு, அந்த வரியைப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. எனினும், மேற்கல்விக்காக இன்றும் பலர் டென்மார்க் செல்கின்றனர். அங்கு டேனிஷ் இல்லாமல் நகர முடியாது. ஆட்சிமொழி ஆனாலும் பாடநூலும் ஆசிரியரும் தேட வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியில் நாங்கள் கண்டவர் யென்ஸ் ஃபிரெடெரிக் நீல்சன். அப்போது வயது 33. பூப்பந்து வீரர் என்பதைக் கேட்டதும் என் தோழனுக்கு அவர்மீது தனி மதிப்பே வந்துவிட்டது. தீவை வாங்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் 2019இல் சொன்னதை 2025இல் இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் அத்தேர்தல் நடந்தது. 31 இடங்களில் 23ஐக் கொண்ட நான்கு கட்சிக் கூட்டணியுடன் ஏப்ரலில் நீல்சன் பொறுப்பேற்றார். வெளியுறவு தம் கையில் இல்லாத ஒருவர் உலக வல்லரசுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. அந்நாட்டுத் தளத்திற்கு வழிவிட்ட 1951 ஒப்பந்தம் டென்மார்க்கும் அமெரிக்காவும் மட்டும் செய்துகொண்டது. அதனைத் திருத்திய 2004 ஒப்பந்தத்தில்தான் கிரீன்லாந்து அரசின் கையொப்பமும் இடம்பெற்றது.

ஆயினும் அவருடைய முதலாண்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது டிரம்ப் விவகாரம் அன்று. 1966 முதல் 1970 வரை சுமார் 4,500 கிரீன்லாந்துப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும், பலருக்கு அவர்கள் அறியாமலோ இசைவில்லாமலோ, டேனிஷ் மருத்துவர்கள் கருத்தடைச் சாதனம் பொருத்தினர். குழந்தை பெறும் வயதினரில் இது பாதி. 2025 ஆகஸ்டு 27இல் டென்மார்க் பிரதமர் மெட்டெ ஃபிரெடெரிக்சன் இதற்கு மன்னிப்புக் கோரினார். அதே நாளில் நீல்சனும் மன்னிப்புக் கோரினார். பாதிக்கப்பட்ட மக்களின் தலைவர் எதற்காக? மருத்துவத் துறையை 1992இல் கிரீன்லாந்து தன் பொறுப்பில் ஏற்றது. அதற்குப் பின்னும் அத்தகைய சம்பவங்கள் சில நடந்திருந்தன. நீல்சன் 1991இல் பிறந்தவர். துறை கைமாறியபோது அவர் கைக்குழந்தை. அடுத்த மாதம் நூக் நகரில், அப்பெண்களின் முன்னிலையில், இரண்டு பிரதமர்களும் ஒரே மேடையில் நின்றனர்.