மாருத் என்னும் போர்விமானம்

காற்றுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்களுள் மாருதம் என்பதும் ஒன்று. அதனோடு உறவுடைய ‘மாருத்’ என்னும் பெயர் பூண்ட போர்விமானமொன்று, பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டு திறந்த காட்சிச்சாலையின் வெளிமுற்றத்தில் நிற்கின்றது. அதன் கூரிய மூக்கையும் பின்னோக்கிச் சாய்ந்த மெல்லிய சிறகுகளையும் காண்போர், ஒலியை வெல்லப் பிறந்தது இஃது என்றே எண்ணுவர். ஒலியினும் இருமடங்கு விரைய வேண்டுமென்பதே அதனை வேண்டினோர் கருத்தும் ஆம். அக்கருத்து ஏன் நிறைவேறவில்லை என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

இதனை வகுத்தவர் கூர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர். இரண்டாம் உலகப்போரில் பேர்பெற்ற போக்கே-வுல்ப் 190 விமானத்தை அமைத்தவரும் அவரே. 1959-ஆம் ஆண்டில் முதற்கண் மரத்தினால் அதே அளவில் பொறியற்ற விமானமொன்று செய்து, டகோட்டா விமானத்தாற் கட்டியிழுத்து வானில் விட்டுச் சோதித்தனர். பொறியின்றி அது நன்கு பறந்தது. பின்னர் நேர்ந்த இடரெல்லாம் பொறியால் நேர்ந்தனவே.

ஜெட் பொறியின் இயல்பு சொல்லுதற்கு எளிது. முன்வாயாற் காற்றை உறிஞ்சி நெருக்கி, எண்ணெயோடு எரிக்க, கனன்ற வாயு பின்வாயாற் பீறிடும். அதனால் விமானம் முன்னே உந்தப்படும். ஆனால் அவ்வாயுவினிடையே சுழலும் தகடுகள் பொன்னையும் உருக்கவல்ல வெப்பத்தைத் தாங்குதல் வேண்டும். செய்தற்கு அரிய பகுதி அதுவே.

மாருத்துக்கெனக் கருதிய ஆர்பியூஸ் 12 என்னும் பொறியை ஆங்கிலேயர் கைவிட்டனர். அதனை ஆக்கிமுடிக்கும் செலவை ஏற்க நம் அரசாங்கமும் இசையவில்லை. ஆகவே அவ்வினத்தின் வலிகுறைந்த பொறிகள் இரண்டைப் பொருத்தினர். ஒவ்வொன்றின் உந்துவிசையும் ஏறத்தாழ 2,200 கிலோகிராமே. 1961-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் அதனை முதன்முறை வானிற் செலுத்தினார். ஒலியின் விரைவை அஃது அரிதின் எட்டியது. அதற்குமேற் செல்ல இயலவில்லை. எகிப்து நாட்டார் ஆக்கிய பொறியைப் பொருத்திப் பார்த்த முயற்சியும் 1969-இல் நின்றது. பின்வாயில் மீண்டும் எண்ணெய் தெளித்து எரித்து விசை கூட்டவும் முயன்றனர். அவ்வாறு அமைத்த விமானம் 1970-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் வீழ்ந்துபட, சுரஞ்சன் தாஸ் உயிர்துறந்தார். பெங்களூர்ச் சாலையொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

எனினும், மாருத் பயனற்றதென்பாரோடு நாம் உடன்படோம். 1971-ஆம் ஆண்டுப் போரில், இராஜஸ்தானப் பாலைநிலத்தின்மீது தாழப் பறந்து பகைவர் நிலைகளைத் தாக்கியவற்றுள் இதுவும் ஒன்று. குண்டுபட்டு ஒரு பொறி அவிந்தும், மற்றொன்றின் துணையால் தளம் திரும்பிய மாருத்துகள் உள. இரட்டைப் பொறியே அவற்றைச் செலுத்தினோர்க்கு உயிர்க்காப்பாயிற்று! மொத்தம் 147 செய்யப்பட்டன. 1990-இல் படையினின்று விலக்கப்பட்டன.

இந்நாட்டில் வகுக்கப்பெற்ற அடுத்த போர்விமானமாகிய தேஜஸ், 2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் முதன்முறை பறந்தது. அதற்கென இங்கே ஆக்கத் தொடங்கிய காவேரிப் பொறி அதனிற் பொருத்தப்படவில்லை. அது பறப்பது அமெரிக்கப் பொறியால்.