விற்பனையில்லா மாதத்திற்கும் கணக்கு உண்டு

நாமகிரிப்பேட்டை என்றதும் நம் நினைவில் எழுவது மஞ்சள். இங்கே சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் உழவருக்கு வரிப்பதிவு வேண்டியதில்லை. காய்ந்த மஞ்சளை வாங்கி விற்கும் பதிவு பெற்ற வணிகரோ, 5 விழுக்காடு சரக்கு-சேவை வரிக்குக் கணினி வழியே கணக்குத் தாக்கல் செய்தல் வேண்டும்.

1959ஆம் ஆண்டின் விற்பனை வரிச் சட்டக் காலத்தில் பேரேடுகளைச் சுமந்து அலுவலகம் சென்ற தலைமுறையை நாம் அறிவோம். 2017 ஜூலை 1-க்குப் பின் அந்த அலைச்சல் குறைந்தது, நல்லதே. ஆயினும், “இம்மாதம் ஒரு மூட்டையும் விற்கவில்லையே, எதைக் காட்டுவது?” என்று சிலர் வாளாவிருந்து விடுகின்றனர். மாதந்தோறும் கணக்குத் தருவோர், விற்பனை இல்லையெனில் இல்லை என்றேனும் தெரிவித்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். இதற்கு உச்சவரம்பு உண்டு. தொடர்ந்து ஆறு மாதம் தவறினாலோ பதிவே ரத்தாகலாம்.

இத்தகைய வெற்றுக் கணக்கிற்குக் கணினியும் வேண்டாம். 2020 முதல், பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, மறுமொழியில் வரும் ஆறிலக்க எண்ணால் உறுதி செய்தாற் போதும்.

விற்பனை நடந்த மாதத்தில் தாமதித்தால் இடர் நம்மோடு நில்லாது. நாம் விற்பனைப் பட்டியலைத் தாக்கல் செய்யும்வரை, நம்மிடம் சரக்கு வாங்கிய ஈரோட்டு வணிகர், நமக்குக் கொடுத்த வரியைத் தம் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது.