வீடு திரும்பிய மரக்குதிரைகள்

சிறுவர் ஏறிச் சுற்றும் இராட்டினம் ஒன்றின் வரலாறு நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஊரைவிட்டு அகன்று 45 ஆண்டுகளின் பின் ஊரில் மீண்டும் சுற்றத் தொடங்கிய இராட்டினம் இது. அதனாலேயே இதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி என்னும் பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது கிளீவ்லண்ட் நகரம். அங்கு 1895இல் யூக்ளிட் பீச் என்ற கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 1901இல் அதனைப் பொறுப்பேற்ற ஹம்ப்ரி குடும்பத்தினர் மதுபானத்தைத் தடைசெய்தனர். நுழைவுக் கட்டணத்தையும் நீக்கினர். குடும்பத்தோடு நம்பிப் போகக்கூடிய இடம் என்று அது பெயரெடுத்தது.

1910இல் அங்கே ஓர் இராட்டினம் வந்தது. பிலடெல்பியா டொபோகன் என்னும் கம்பனி செய்த 19ஆவது இராட்டினம் அது. பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி, கையால் செதுக்கி, வர்ணம் தீட்டிய குதிரைகள். மேலே சுழலும் வளைந்த தண்டுகள் அவற்றில் பலவற்றை ஏற்றி இறக்கும். இத்தகைய குதிரைகளில் ஒரு வழக்கம் உண்டு. வேடிக்கை பார்ப்போரின் கண்ணில் படும் வெளிப்பக்கத்துக்கே செதுக்கு வேலை அதிகம். உட்பக்கம் எளிமையாக இருக்கும்.

பூங்காவுக்கும் அப்படியொரு உட்பக்கம் இருந்தது. கறுப்பின மக்கள் அங்கே வெள்ளையரோடு சேர்ந்து நடனமாடவோ, சறுக்கி விளையாடவோ, ஏரியில் குளிக்கவோ முடியாது. 1946 கோடையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக வாயிலில் மறியல் செய்தனர். 1947இல் கேளிக்கைப் பூங்காக்களில் பாகுபாடு காட்டுவதை மாநகர சபை சட்டத்தால் தடுத்தது. பூங்காவோ நடன மண்டபத்தைத் தனியார் கழகமாக்கி அச்சட்டத்திலிருந்து தப்பிக்கொண்டது. சட்டம் வந்தாலும் மனங்கள் உடனே மாறுவதில்லை.

1969 செப்ரெம்பரில் பூங்கா மூடப்பட்டது. இராட்டினம் விற்கப்பட்டு, மேய்ன் மாநிலத்தின் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனது. பூங்கா நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. பழைய இராட்டினங்களின் குதிரைகள் ஒவ்வொன்றாக ஏலம் போய், சேகரிப்பாளர் வீடுகளில் அழகுப்பொருளாக நிற்பது அங்கே சாதாரணம். ஆனால் கிளீவ்லண்ட் மக்கள் தம் குதிரைகளை மறக்கவில்லை. 1997இல் ஏலத்துக்கு வந்தபோது அவை நகருக்காக மீட்கப்பட்டன. பின்னர் பல ஆண்டுகள் களஞ்சியத்தில் கிடந்தன. ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, நிதி திரட்டி, பழுதுபார்ப்பித்து, 2014 நவம்பரில் நகரின் வரலாற்று நிலையத்தில் மீண்டும் சுற்றவைத்தனர்.

திரும்பியது பழைய ஏரிக்கரைக்கு அல்ல. ஆயினும் முன்னர் ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எல்லாரோடும் சேர்ந்து அதில் ஏறுகிறார்கள். என்னைக் கேட்டால், குதிரைகள் திரும்பியதைவிட இதுவே பெரிது.

சகோதரிகளே, ஊர் திரும்பியபின் கூரையும் கிணறும் கிடைத்தால் மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்று கணக்கிடுகிறோம். அதே ஊரில் கணவனை இழந்தவள் மங்கல காரியங்களில் ஓரமாக நிற்கிறாள். வேறு இடத்திலிருந்து வந்து குடியேறியவள் சங்கக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிறாள். அவர்களுக்கும் இடம்விட்டு நாம் நகர்ந்து உட்காரும் நாளில்தான் ஊர் உண்மையில் திரும்பும். அடுத்த கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் யார் இல்லை என்று ஒருமுறை பாருங்கள்.