மலை இறங்காத புகார்கள்

தேதி போடாத விடுப்புக் கடிதம் ஒன்று, கையெழுத்தோடு, தலைமையாசிரியரின் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். ஆசிரியர் வராத நாளில் அதிகாரி யாராவது பார்வையிட வந்துவிட்டால், அன்றைய தேதியைப் போட்டு வருகைப் பதிவேட்டுக்குள் அதைச் செருகிவிடுவார்கள். யாரும் வராவிட்டால் கடிதம் இழுப்பறையிலேயே இருக்கும். ஆசிரியர் மறுநாள் வந்து முந்தைய நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார். கல்வித் துறையோடு பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். சாலையோரப் பள்ளியில் இதை அடிக்கடி செய்ய முடியாது, பார்க்க ஆள் இருக்கிறது. பேருந்து போகாத ஊரில் வருடக்கணக்கில் செய்யலாம்.

தொலைதூரக் கிராமப் பள்ளிகளில் நடக்கும் முறைகேடுகள் பல வகை. சொல்லாமல் வராமல் இருப்பது, பத்தரை மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்புவது, தன் இடத்தில் உள்ளூர்ப் பட்டதாரி ஒருவரைச் சில ஆயிரம் ரூபாய்க்கு நிறுத்திவிட்டு முழுச் சம்பளம் வாங்குவது, பிள்ளைகளைத் தண்ணீர் சுமக்கவும் கழிப்பறை கழுவவும் விடுவது, சாதியைச் சொல்லித் திட்டுவது, அடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாலியல் வன்முறை. இவற்றின் கொடுமை ஒன்றுக்கொன்று வேறுபட்டது. ஆனால் இவை நீடிப்பதற்கான காரணம் ஒன்றுதான். யாருக்குத் தீங்கு நடக்கிறதோ அவர்கள் கையில் எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் உள்ளவர்களுக்கோ, அந்தப் பள்ளி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் எந்த நட்டமும் இல்லை.

இதை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்களும் 2003-இல் இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றி ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. எல்லா ஆசிரியர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். மகாராஷ்டிரத்தில் 15 சதவீதமாக இருந்த வராமை, ஜார்க்கண்டில் 42 சதவீதமாக இருந்தது. அந்த ஆய்வில் நம் கவனத்துக்குரிய செய்தி வேறொன்று உண்டு. சுமார் 3,000 அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம், தொடர்ந்து வராத ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கியதுண்டா என்று கேட்டபோது, உண்டு என்றவர் ஒரே ஒருவர். வராமை எங்கே குறைவு என்று பார்த்ததில், அண்மையில் அதிகாரி வந்து பார்வையிட்ட பள்ளிகள், நல்ல கட்டட வசதி உள்ள பள்ளிகள், தார்ச்சாலைக்கு அருகில் உள்ள பள்ளிகள் ஆகியவை தெரியவந்தன. சாலையிலிருந்து தூரம் கூடக் கூட, குழந்தைக்குக் கிடைக்கும் ஆசிரியரும் குறைந்துபோகிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017-இல் ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான். வராத மற்றவர்கள் விடுப்பிலோ, பயிற்சியிலோ, வேறு அலுவல் பணியிலோ இருந்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் இதை எடுத்துச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாக்காளர் பட்டியல், இணையத்தில் பதிவேற்ற வேண்டிய புள்ளிவிவரங்கள், வட்டார அலுவலகக் கூட்டங்கள் என்று ஆசிரியரை வகுப்பிலிருந்து வெளியே இழுக்கும் வேலைகள் ஏராளம். காலையில் முதல் பேருந்தைப் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து மேலும் சில கிலோமீட்டர் நடந்து, இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்திவிட்டு இருட்டுவதற்குள் தனியாக மலை இறங்கும் ஆசிரியைகளை ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் இன்றும் பார்க்கலாம். அவர்களுக்குத் தங்கும் வீடு கட்டித் தராத அரசு, அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்க உரிமையற்றது.

சராசரிக் கணக்கு பெரும்பாலான ஆசிரியர்களுக்கு நீதி செய்கிறது. ஒரு குறிப்பிட்ட பள்ளியின் குழந்தைக்கு அது எதுவும் சொல்வதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அண்மைக் கணக்குப்படி, நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். அந்த ஒருவர் நல்லவராக அமைந்தால் ஊருக்குப் பாக்கியம். இல்லாவிட்டால் அன்றைக்குப் பள்ளியே இல்லை. ஐந்து வகுப்புகளின் கல்வி ஒரே மனிதரின் மனசாட்சியை நம்பி நிற்கிறது.

‘தண்ணியில்லாக் காடு’

அரசு அலுவலகங்களில் ஒரு மிரட்டல் பிரபலம்: “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்.” இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் நடைமுறைதான் மலைக் கிராமப் பள்ளிகளைச் சீரழித்ததில் பெரும்பங்கு வகித்தது என்பது என் கருத்து. சமவெளிப் பள்ளியில் ஓர் ஆசிரியர் மீது புகார் வருகிறது. பெற்றோர் திரண்டு பள்ளியைப் பூட்டுகிறார்கள், செய்தி நாளிதழில் வருகிறது. துறை அவசரமாக ஓர் ஆணை போட்டு அவரை மாற்றுகிறது. எங்கே? யாரும் போக விரும்பாத இடத்துக்கு. அங்கே இருக்கும் குழந்தைகள் எந்தத் தவறும் செய்யாதவர்கள். அவர்களுடைய பெற்றோருக்குப் பள்ளியைப் பூட்டிப் போராடவும் தெரியாது, பூட்டினாலும் செய்தி எடுக்க யாரும் வரப்போவதில்லை.

சட்டப்படியும் இது தவறு. தண்டனைக்குப் பதிலாக இடமாறுதல் செய்யும் ஆணை செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இலேயே கூறிவிட்டது. அந்த வழக்கு, இடமாற்றப்பட்ட ஊழியரின் உரிமை பற்றியது. அவர் போய்ச் சேரும் ஊரின் உரிமை பற்றி வழக்குத் தொடுக்க இதுவரை யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

புகார் போகும் வழி

மலைக் கிராமத்துத் தாய் ஒருத்தி புகார் கொடுக்க முடிவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால், அது பழங்குடியினர் நலத் துறையின் கீழ் வருகிறது. அந்த ஆசிரியரை நியமிப்பதும் தண்டிப்பதும் கல்வித் துறையின் கையில் இல்லை. தமிழகத்தில் இத்தகைய பள்ளிகள் சுமார் 300 இருக்கின்றன. கல்வி அலுவலகத்துக்குப் போனால் நலத்துறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் எழுதிக் கொண்டுவரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவும் சேரும்.

எழுதிக் கொடுத்த பிறகு விசாரணை நடக்கும். பெரும்பாலும் அதே பள்ளியில், அதே ஆசிரியர் முன்னிலையில், “யார் புகார் கொடுத்தது?” என்ற கேள்வியோடு. மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழுக்குத் தேவையான பள்ளி ஆவணங்களும் அந்த ஆசிரியரின் கையில்தான் இருக்கின்றன. பழங்குடிச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் அலையும் குடும்பங்களுக்கு இது சிறிய பயம் இல்லை. “அப்படியொன்றும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். ‘புகார் நிரூபிக்கப்படவில்லை’ என்று கோப்பு மூடப்படுகிறது.

மூடப்படாத கோப்பின் வழியும் நீளமானது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைக்கு 17(அ), பெரும் தண்டனைக்கு 17(ஆ). அலுவலக வழக்கில் ‘செவன்டீன் பி’. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கு விளக்கம், விசாரணை அலுவலர் நியமனம், சாட்சிகள், அறிக்கை, இறுதி ஆணை, பிறகு மேல்முறையீடு. இந்தப் பாதுகாப்புகள் தேவையானவை; பழிவாங்கும் பொய்ப் புகார்களும் வருகின்றன. ஆனால் சாட்சி சொல்ல எட்டு வயதுப் பிள்ளையும் அதன் தாயும் ஊர்விட்டு மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டும் என்ற நடைமுறை பாதுகாப்பு ஆகாது. விசாரணை அலுவலர் ஊருக்குப் போக வேண்டும். ஜீப் அவரிடம் இருக்கிறது.

தனக்குப் பதிலாக வேறொருவரை வகுப்புக்கு அனுப்பிய ஆசிரியர் ஒருவர் தர்மபுரி மாவட்டத்தில் 2024 நவம்பரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். உடனே தொடக்கக் கல்வி இயக்குநரகம் மாநிலம் முழுக்க எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த ஏற்பாடு ஊருக்குத் தெரியாமல் நடந்திருக்க வாய்ப்பே இல்லை. சத்துணவு சமைப்பவருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரிய வழி இல்லை. மகாராஷ்டிர அரசு 2022-இல் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஆசிரியரின் புகைப்படத்தை மாட்டச் சொன்னது இதற்காகத்தான். படத்தில் இருப்பவரும் பாடம் எடுப்பவரும் ஒருவர்தானா என்று ஒரு குழந்தையால்கூடச் சொல்ல முடியும்.

கருவி மட்டும் போதுமா?

கைபேசிச் செயலியில் வருகைப்பதிவு, விரல்ரேகைக் கருவி என்று அரசுகள் முயன்று வருகின்றன. ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய சோதனை உலகப் புகழ் பெற்றது. ஆசிரியருக்கு ஒரு கேமரா தரப்பட்டது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளோடு அவரை ஒரு மாணவர் படம் எடுக்க வேண்டும். படத்தில் நேரமும் தேதியும் மாற்ற முடியாதபடி பதிவாகும். வந்த நாள் கணக்குப்படி சம்பளம். வராமை 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. பிள்ளைகளின் படிப்பும் முன்னேறியது.

அதே உதய்ப்பூரில், அதே நிறுவனத்தின் உதவியோடு, அரசு செவிலியர்களின் வருகையைக் கண்காணிக்கும் திட்டமும் நடந்தது. முதல் சில மாதங்கள் நன்றாகப் போனது. பிறகு அதிகாரிகளே ‘விலக்கு நாள்’ என்று செவிலியர்களுக்குத் தாராளமாக எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் திட்டத்தின் பயன் முழுதாகக் கரைந்துபோனது. கருவி பழுதாகவில்லை. கருவி சொன்னதை மதிக்க வேண்டியவர்கள் மதிக்கவில்லை. நம்மூரில் அலுவல் பணியைக் குறிக்கும் ‘ஓ.டி.’ என்ற இரண்டெழுத்துக்கும் ‘டவர் இல்லை’ என்ற பதிலுக்கும் அந்த வல்லமை உண்டு. மலைக் கிராமங்களில் டவர் இல்லை என்பது உண்மை என்பதால், அதைச் சோதிப்பதும் கடினம்.

ஊரின் கையில் இருப்பது

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஊருக்கு ஒரு இடம் கொடுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆசிரியர் ஒழுங்காகவும் நேரத்துக்கும் வர வேண்டும் என்கிறது 24-ஆவது பிரிவு. அதைக் கண்காணிப்பதை மத்திய மாதிரி விதிகள் இந்தக் குழுவின் பொறுப்பாக்கியிருக்கின்றன. அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. 32-ஆவது பிரிவின்படி எழுத்துப்பூர்வமான புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவை ஏற்க முடியாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தமிழகத்தில் 2022-இல் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது பெற்றோரே தலைவர்களானார்கள். நல்ல தொடக்கம் அது.

ஆனால் குழுவால் ஆசிரியருக்கு மெமோ கொடுக்க முடியாது, ஒரு நாள் சம்பளத்தை நிறுத்த முடியாது. தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மான நோட்டும் தலைமையாசிரியரிடமே இருக்கும். எனவே பெற்றோர் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. தேதி, ஆசிரியர் வந்த நேரம், போன நேரம், பார்த்த இருவரின் கையெழுத்து, இவ்வளவுதான். ஒரு மாதம் எழுதிய பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் அதே மாதத்தின் வருகைப் பதிவேட்டு நகலைக் கேட்கலாம். 30 நாளில் தர வேண்டும். இரண்டும் பொருந்தாத இடங்களை எழுதி, கிராம சபைத் தீர்மானமாக நிறைவேற்றி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினால், ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதுவது எளிதாக இருக்காது. தனி ஒருவர் பெயரில் இல்லாமல் ஊர்ப் பெயரில் போவதால், எந்தக் குழந்தையின் சான்றிதழையும் வைத்து மிரட்ட முடியாது.

பாலியல் குற்றத்துக்கு இந்த வழி பொருந்தாது, பொருந்தவும் கூடாது. அங்கே துறை விசாரணைக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. போக்சோ சட்டத்தின்படி, தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. பணத்தைக் கொடுத்துப் பேசி முடிக்கும் ‘சமாதானம்’ எதற்கும் சட்டத்தில் இடமில்லை. 1098-க்கு அழைத்தால் குழந்தைகள் உதவி மையம் பேசும். குற்றம் நிரூபிக்கப்பட்ட ஆசிரியரைப் பணியிலிருந்து நீக்குவதோடு கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்ய வகை செய்யும் 121-ஆம் எண் அரசாணை 2012-இலிருந்தே இருக்கிறது.

இவ்வளவும் ஊரின் தலையிலேயே ஏற்றப்பட்ட சுமை என்பதை மறக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் அரசின் மேற்பார்வையாளராகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அரசு செய்ய வேண்டியதில் ஒன்று உடனே செய்யக்கூடியது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ள, அல்லது தண்டனை பெற்ற எந்த ஆசிரியரையும் மலைப்பகுதிப் பள்ளிக்கோ, ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிக்கோ அனுப்பக் கூடாது என்று கல்வித் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் கூட்டாக ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வு தொடங்கும் முன் அது வெளிவர வேண்டும்.